பால்சுறாவுக்கு வீசிய இறகு

என் தம்பி பிறந்த பதினோராம் நாள் வாப்பா ஒரு கழுதையைப் பிடித்தார். அவர் பிடிக்கப் போனது பால்சுறா.

என் மகன் பிறந்து இன்று பத்தொன்பது நாள். அவனுக்குப் பால் போதுகிறதா, போதவில்லையா என்று மணிக்கொரு தரம் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த நினைவு வந்ததோ என்னவோ.

அப்போது எனக்கு எட்டு வயது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரைவிட்டு வந்தவர்கள் என் பெற்றோர். நான் பள்ளிவாசல்துறைக்குப் பக்கத்தில், தென்னோலைக் கிடுகு வேலி போட்ட குடியிருப்பில் பிறந்தவள். மன்னாரில் வாப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்ததாம். இங்கே தினமும் பஸ் ஏறிப் பாலாவி உப்பளத்துக்குப் போய் வந்தார். உப்புநீர்க் களப்பின் கரைக்குப் பத்து நிமிட நடைதான். என்றாலும் படகுகள் ஒதுங்கும் பக்கம் அதுவரை அவர் கால் வைத்ததில்லை.

தம்பி ஒரு மாதம் முந்திப் பிறந்துவிட்டான். உம்மாவுக்குப் பால் ஊறவில்லை. விடாமல் பிள்ளையை மார்பில் போடச் சொன்ன கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி, திங்கட்கிழமைக்குள் நிறை கூடாவிட்டால் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் சொன்னது ஒரே மருந்து: பால்சுறா. அதை அவித்து உதிர்த்து, மிளகும் பூண்டும் போட்டு வறை செய்து கொடுத்தால் பால் தானாகச் சுரக்கும் என்றார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறாவை விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒருவர் வந்து பால்சுறா இருக்கிறதா என்று கேட்டாலே போதும். எதற்கு என்று விசாரிக்காமல் ஒன்றை ஓலையில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். காசை நீட்டினால் கோபிப்பார்கள். போய் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று உம்மா சொன்னார். வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் புடிச்சிக் கொண்டு வாறன்" என்றார் கடைசியில்.

படகும் இல்லை, வலையும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு வெள்ளைக்காரத் தூண்டில். எங்கள் குடியிருப்பில் கிணறு கட்ட வந்த ஒரு வெள்ளைக்காரர், கூட நின்று வேலை செய்த வாப்பாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதில் இரையும் கிடையாது, ஈயமும் கிடையாது. கொக்கியில் இறகு கட்டியிருக்கும். பூச்சியென்றோ குஞ்சுமீனென்றோ நம்பி மீன் வந்து கவ்வ வேண்டும். இறகுக்குக் கனமில்லாததால், தடித்த மஞ்சள் நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாகச் சாட்டைபோல் வீசி வீசித்தான் தூரத்துக்கு அனுப்ப முடியும். வெள்ளைக்காரர் கொடுத்த கொக்கிகளைக் கரையோரக் கண்டல் மரங்கள் எப்போதோ வாங்கிக்கொண்டன. வாப்பா எங்கள் சேவலின் வால் இறகைப் பிடுங்கி, உம்மாவின் தையல் நூலால் புதிதாகக் கட்டிக்கொண்டார்.

உப்பளத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கரைக்குப் போவார். தகர வாளியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். மீனை நிரப்பிக்கொண்டு வருவதற்கான வாளி அது.

முதல் நாள் நூல் பின்னால் போனது, முன்னால் வரவில்லை. மேய்ந்துகொண்டிருந்த கழுதை ஒன்றின் வாலில் கொக்கி மாட்டியிருந்தது. கழுதை கல்பிட்டி ரோட்டை நோக்கி ஓட, வாப்பா கம்பைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், வாப்பாவை அண்ணன் முறை வைத்து, "நானா, எத்தின ராத்தல் இரிக்கும்?" என்று கேட்டார். கரை முழுவதும் சிரித்தது. வாப்பா கொக்கியைக் கழற்றிக்கொண்டு வந்து மறுபடியும் வீசினார்.

இரண்டாம் நாள் ஒரு பேத்தை மீன் மாட்டி, பந்துபோல் ஊதிக்கொண்டு எங்களை முறைத்தது. அதற்குப் பிறகு இறகு தண்ணீரில் விழுவதற்குள் ஒரு கடற்பறவை பாய்ந்து கவ்விக்கொண்டது. வாப்பா அதைத் தன் இடுப்புச் சாரத்தில் பொத்திப் பிடித்து, அலகிலிருந்து கொக்கியை எடுத்துப் பறக்கவிட்டார். அடுத்த வீச்சில் என் முக்காடு போனது. உம்மா கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு அழுகை வந்தது. வாப்பா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இருட்டும்வரை வீசினார்.

வீட்டில் தம்பியின் அழுகை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. சத்தம் குறைந்தது எனக்கு நல்லதாகத் தெரிந்தது. உம்மாவுக்கு ஏன் அது பயமாக இருந்தது என்று இப்போது தெரியும்.

சனிக்கிழமை வாப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். ஒரு வீச்சில் நூல் இறுகியது. கம்பு வளைந்தது. நான் வாளியோடு தண்ணீருக்குள் ஓடினேன். அது ஒருவர் போட்டிருந்த வலை. வலைக்காரர் படகைத் தள்ளிக்கொண்டு எங்களிடம் வந்தார். கழுதை எத்தனை ராத்தல் என்று கேட்ட அதே மனிதர்.

"மூணு நாளாப் பாக்கிறன் நானா. கழுதைக்கும் அடிச்சீங்க, காத்துக்கும் அடிச்சீங்க. இப்ப என்ட வலைக்கும் அடிச்சிட்டீங்க. என்னத்தத்தான் புடிக்கப் போறீங்க?"

கொக்கியைக் கழற்றித் தந்தால் போதும் என்றார் வாப்பா.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "எங்கட உம்மாக்குப் பால் இல்ல" என்றேன். "பால்சுறா தேடுறம்."

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வலைக்காரர் கொக்கியை வலையிலிருந்து எடுத்தார். படகுக்குள் குனிந்தார். ஒரு முழ நீளமுள்ள பால்சுறாவை எடுத்தார். அதை எங்கள் பக்கம் நீட்டவில்லை. அதன் வாயில் எங்கள் கொக்கியைக் குத்தி, தண்ணீரில் போட்டார்.

"இழுங்க நானா. தூண்டில்ல மாட்டினது தூண்டில்காரனுக்குத்தான். அதுக்கு நான் என்ன செய்யிற?"

மஞ்சள் நூல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. வாப்பா அசையவில்லை. கம்பை எறிந்துவிட்டுப் போய்விடுவாரோ என்று நான் பயந்தேன். பிறகு மெதுவாக இழுக்கத் தொடங்கினார். செத்த மீன்தான். ஆனாலும் உயிருள்ளதை இழுப்பதுபோல் விட்டுவிட்டு இழுத்தார்.

"மெல்ல, மெல்ல" என்றார் வலைக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "அறுத்துக்கிட்டுப் போயிரும்."

வீட்டுக்கு வந்ததும், நீங்கள் பிடித்ததா என்று உம்மா படுக்கையிலிருந்து கேட்டார். "தூண்டில்ல வந்தது" என்றார் வாப்பா. அது பொய்யா, இல்லையா? தோளிலிருந்து நன்மை தீமை எழுதும் மலக்கு இதை வாப்பாவின் பெயரில் மட்டும் எழுதுவாரா, பக்கத்தில் சும்மா நின்ற என் பெயரிலும் எழுதுவாரா? இந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மா மீனைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். செவுளுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு மெல்லிய கோடு இருந்தது. வலைக்கண் இறுக்கிய தடம். அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"நல்ல தூண்டில்" என்றார். மீன் நல்ல மீனா என்று பார்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

வறையில் ஒரு துகள்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதனால்தான் பால் வந்ததா, மிஸ்ஸி சொன்னபடி விடாமல் மார்பில் போட்டதால் வந்ததா, தெரியாது. திங்கட்கிழமை தராசில் தம்பியின் நிறை கொஞ்சம் கூடியிருந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று மிஸ்ஸி சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாப்பா தூண்டிலை எடுக்காமல் கரைக்குப் போனார். அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். அந்த வலைக்காரரின் படகில் ஏறி வலை இழுத்தார். நான் சொல்லிவிட்டதால்தான் வாப்பாவுக்கு இந்தத் தண்டனை, கொக்கி மாட்டிய வலைக்குப் பதிலாக வேலை வாங்குகிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு வெள்ளியும் குற்றவாளியைப்போல் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் படகு ஒதுங்கும் நேரம், கனமூலைப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பால்சுறா என்று அவர் வாயெடுத்ததுதான் தாமதம், வாப்பா படகுக்குள் குனிந்தார். இருந்ததில் பெரிய சுறாவாகப் பார்த்து எடுத்து, ஓலையில் சுற்றி, இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார். அந்த மனிதர் சட்டைப்பையில் கை வைத்ததும், வேண்டாம் என்று தலையசைத்தார்.

வாப்பாவின் முகத்தை நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. மீன் பெரிதாக இருந்ததால் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.