யூரியாவில் ஊறிய நிமிடங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் "கடிகாரம்" என்று பெயர். சாப்பாட்டு வேளையில் யாராவது கதையை இழுத்தால், "கடிகாரம் எழுந்துட்டாங்க, கிளம்புங்க" என்பார்கள். பத்தொன்பது வருடம் அங்கே குப்பை கொட்டியவள். அவள் கையெழுத்துப் போட்ட ஒரு முடிவும் தவறென்று திரும்பி வந்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டுமே.

அன்று சோதனைத் தட்டில் எட்டுக் கர்ப்பிணிகளின் ரத்தம். ஐந்தாவது அவள் தங்கையுடையது. தங்கை வேலை பார்ப்பது குழந்தைகள் காப்பகத்தில்; நாள் முழுக்க இருபது பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பவள். ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று, ஊரில் பாதிப் பேர் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருப்பது, அவள் ரத்தத்திலும் தடம் விட்டிருந்தது. எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. பழைய தொற்று என்றால் பயம் குறைவு. கர்ப்பமான பிறகு வந்ததென்றால் வயிற்றுப் பிள்ளையின் காதுக்கும் மூளைக்கும் ஆபத்து வரலாம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய கரு அது.

கண்டுபிடிக்க வழி உண்டு. வைரஸைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை நல்ல பிடியோடு செய்ய உடம்புக்கு மாதக்கணக்கில் ஆகும். பழைய ஆன்டிபாடிக்கு உடும்புப் பிடி. யூரியா கரைசலில் ஊறவைத்துக் கழுவினாலும் வைரஸை விடாது. புதியது நழுவிவிடும். ஊறவேண்டியது சரியாகப் பத்து நிமிடம். நேரம் கூடினால் பழைய பிடியும் தளரும்.

யூரியாவை ஊற்றி முடித்த நொடியில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"அக்கா, பார்த்துட்டியா?"

"இன்னும் இல்லடி. என்னை வேலை செய்ய விடு."

போனை வைத்து, பதிவேட்டை எழுதி முடித்த பிறகுதான் டைமரைப் பார்த்தாள். டைமரை அழுத்தவே இல்லை. பத்து நிமிடமா, பதின்மூன்றா, சத்தியமாகத் தெரியவில்லை. அவசர அவசரமாகக் கழுவினாள்.

முடிவில் ஐந்தாவது ரத்தத்தின் பிடி பலவீனம், அதாவது தொற்று புதிது. எட்டாவதும் அப்படியே. மற்ற ஆறும் பலம்.

சரிபார்ப்பதற்காகக் கூடவே வைக்கும் "கன்ட்ரோல்" ரத்தம் வரம்பின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. விதிப்படி தட்டின் முடிவுகள் செல்லும். கையெழுத்துப் போட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். முகம் தெரியாத அந்த எட்டாவது பெண்ணுக்காக மனசு அடித்துக்கொள்கிறதா, தங்கைக்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. எழுந்து, கூடத்துக்குப் பொறுப்பான டாக்டரின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், டைமர் போட மறந்துட்டேன். எவ்வளவு நேரம் ஊறிச்சுன்னு தெரியல."

டாக்டர் தாளைப் பார்த்தார். "கன்ட்ரோல் பாஸ் ஆயிருக்கே?"

"ஆயிருக்கு. ஆனா அஞ்சாவது என் தங்கச்சி. அதனால என் பேச்சை அப்படியே எடுத்துக்காதீங்க. எட்டு ரத்தத்தையும் மறுபடி செய்யணும். நான் தொடமாட்டேன்."

டாக்டர் தாளை மேசையில் வைத்தார். "தப்பை எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தாள். பக்கத்து மேசைக்காரர் சோதனையைச் செய்தார். மூன்று மணி நேரம் அவள் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல். "கடிகாரம்" என்று பெயர் வைத்துக் கேலி செய்த மனுஷர் அவர்தான். தாளோடு வந்தபோது முகத்தில் கேலி இல்லை.

"எட்டாவது பலமா வந்திருக்கு. நீங்க சொல்லலைன்னா அந்தப் பொண்ணு வீணா பயந்து செத்திருப்பா."

"அஞ்சு?"

அவர் தாளை நீட்டினார். பலவீனம்தான். முதலில் வந்த எண்ணுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

எட்டாவது பெண்ணை நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. அதற்காக வெட்கப்பட்டாள், ஆனாலும் போகவில்லை. போனை எடுத்தாள்.

"நாளைக்கு உன் டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன்."

"புதுசா, அக்கா?"

"புதுசுதான். குழந்தைக்குப் போயிருக்கான்னு இன்னும் தெரியாது. நிறைய பேருக்குப் போறதில்ல. இன்னும் டெஸ்ட் இருக்கு."



"நீ ஏதாவது தப்பா செஞ்சிருப்ப, அக்கா," தங்கை கெஞ்சினாள். "நல்லா யோசிச்சுப் பாரு. கை தவறியிருக்கும்."

"தவறுச்சுடி," என்றாள் அவள். "அதையும் பார்த்துட்டோம்."