நூல் கடிக்கிற பல்

நூலை முன்பல்லில் வைத்து வெடுக்கென்று கடித்து, நுனியை உதட்டோரமாகத் துப்பிவிட்டு, அடுத்த கால்சட்டையை மிஷினுக்குள் தள்ளுகிறாள் தையல்காரரின் மனைவி. என் பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு அக்கா முறை. நாள் முழுக்க இதே கடிதான்.

"கத்திரி இல்லையாக்கா?" என்றால் முன்மேஜையைக் கண்ணால் காட்டுவாள். அங்கே அவள் புருஷன் துணி வெட்டும் பெரிய கத்திரி, உறைக்குள் பத்திரமாக இருக்கும். "அதுல நூல் வெட்டினா முனை மழுங்கிடுமாம். தொட்டா சாமியாடுவாரு." நானே ஒரு சின்னக் கத்திரி வாங்கிக் கொடுத்தேன். மறுவாரம் அது அவர் மேஜையில் கிடந்தது. மீசை நறுக்க வசதியாக இருக்கிறதாம்!

கடித்துக் கடித்தே பல்லில் விரிசல் விட்டது. கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தைத்துக்கொண்டிருந்தாள். பொறுக்காமல் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

"வேர்ல சீழ் வெச்சிருக்கும்மா" என்றார் பல் டாக்டர். "மாத்திரை வீக்கத்தைத்தான் குறைக்கும். சீழை எடுத்து, வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சு, மேல கேப் போட்டா பல்லு நிக்கும். நாலஞ்சு தடவை வரணும். இல்லேன்னா பிடுங்க வேண்டியதுதான்."

"பிடுங்காதீங்க டாக்டர். நான் வர்றேன்" என்றாள் அக்கா. அவள் எதற்கும் இவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

மாத்திரையில் வலி நின்றது. வினையே அதுதான்.

"வலிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு அலையணும்? ஸ்கூல் யூனிஃபார்ம் தலைக்கு மேல கிடக்கு" என்றார் புருஷன். போன வருஷம் தன் பல்லில் இதே சீழ் வந்தபோது கடையைச் சாத்திவிட்டுப் போய், கேப் போட்டுக்கொண்டு வந்த மகராசன்! அதைச் சொல்லிக் கேட்டேன்.

"இது கஸ்டமர்கிட்ட பேசுற வாயிம்மா. அவ மூலையில உக்காந்து தைக்கிறவதானே?"

வாய் கூசாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா தலை நிமிரவில்லை, மிஷினும் நிற்கவில்லை.

யூனிஃபார்ம் முடிவதற்குள் வீக்கம் கண்ணுக்குக் கீழே வரை ஏறிவிட்டது, காய்ச்சல் வேறு. "அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அனுப்பிவிட்டார்கள்.

நேற்று கடைக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். அதிசயமாக, பெரிய கத்திரி உறையில்லாமல் அவள் மிஷின் பக்கத்திலேயே கிடந்தது. தைத்து முடித்தவள் பழக்கதோஷத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோனாள். பல் இருந்த இடத்தில் நூல் வழுக்கியது.

"எடுத்து வெட்டுக்கா, யாரு பார்க்கப் போறா?" என்றேன்.

கத்திரியை எடுத்தாள். கீழே விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திப்போய், அவர் மேஜையில் உறைக்குள் செருகினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, நூலைப் பக்கத்துப் பல்லுக்கு மாற்றிக் கடித்தாள்.