எங்கள் ஹாலில் ஆஸ்திரேலிய ஆட்சி

நான் ஆஸ்திரேலியாவைப் பார்த்ததில்லை. ஆனால் ஷார்ஜாவில் எங்கள் வீட்டு ஹாலில் அந்த நாட்டு ஆட்சி நடக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மந்திரிசபையில் இரண்டே பேர். ஒருவர் என் கணவர். தொழிற்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்பவர். இன்னொருவர் மேல்மாடியில் குடியிருக்கும் எங்கள் ஊர்க்காரத் தம்பி. தன் மச்சினன் மெல்போர்னில் இருப்பதால் அந்தக் கண்டத்தையே எழுதி வாங்கியவர் மாதிரிப் பேசுவார். எனக்கு டீ இலாகா.

அங்கே வீட்டு விலை ஏறினால் இங்கே இவர்கள் முகம் வாடும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று அங்கே சட்டம் வந்தபோது, "இப்படிப் போட்டாத்தான் புள்ளைங்க உருப்படும்" என்றார்கள் இருவரும், தத்தம் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு நாள் வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தது. "அங்க வெயில்ல தோல்ல புற்றுநோய் வருதாம். அது வெள்ளைத் தோலுக்குத்தான். நமக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் தம்பி. நான் கிளினிக்கில் நர்ஸ். சும்மா இருக்க முடியவில்லை.

"நமக்குக் குறைவுதான் தம்பி. வரவே வராதுன்னு இல்ல. இங்க பாருங்க, இவ்வளவு வெயிலடிக்கிற ஊர்ல வெளிய தலைகாட்டாம கெடந்து, ரத்தம் எடுத்துப் பாத்தா நெறைய பேருக்கு வைட்டமின் டி பத்தலன்னு வருது."

அவர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பி, "அப்படியா அண்ணாச்சி?" என்றார். லாரிக்கு பிரேக் லைனிங் விற்கிற அண்ணாச்சியும் யோசித்துத் தலையாட்டினார். எனக்கு உச்சந்தலை சுட்டது.

இத்தனைக்கும் அந்த நாட்டுக்குப் போகிற வழி என் கையில்தான் இருந்தது. அங்கே நர்ஸுக்குத் தேவை உண்டு. கவுன்டரில் நிற்பவருக்கு அவர்கள் விசா கொடுக்கிற வேலைப் பட்டியலில் இடமில்லை. விண்ணப்பம் என் பெயரில், என் படிப்பில், என் அனுபவத்தில். என் கணவரும் மகளும் என்னோடு ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள். ஆனால் ஏஜென்டிடம் பேசியது அவர். ஊரில் சொந்தக்காரர்களுக்குச் சொன்னது அவர். எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்று முடிவு செய்தது மேல்மாடித் தம்பி.

எனக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தேதி குறித்ததே, நான் அடுக்களையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. "அவளுக்கு அடுத்த மாசம் பரீட்சை போட்டாச்சு" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியும் சந்தோஷமாகி, அந்த நாட்டின் பெருமையை ஆரம்பித்தார்.

"அங்க ஓட்டுப் போடலன்னா அபராதம் அண்ணாச்சி. ஒவ்வொருத்தன் கருத்தும் வேணும்ங்கான். அதுல்லா நாடு!"

"அதான் ஜனநாயகம்" என்றார் என் கணவர்.

டீத் தட்டை மேஜையில் வைத்தேன். "இந்த வீட்ல எனக்கு ஓட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"உனக்கு இல்லாமலா? உன்னாலதான போறோம்" என்றார் அவர்.

"என்னாலதான் போறோம். நான் வாரேன்னு எப்ப சொன்னேன்?"

தம்பி குறுக்கே வந்தார். "மதினி, புள்ள எதிர்காலத்த நெனச்சுப் பாருங்க."

"நெனச்சிருக்கேன் தம்பி. என்ன நெனச்சேன்னு கேக்கத்தான் ஆளில்ல."

உண்மையில் அவர்கள் இருவரையும்விட நான்தான் அதிகம் யோசித்திருந்தேன். இங்கே எத்தனை வருஷம் உழைத்தாலும் வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டும். அங்கே என் மகள் இது என் நாடு என்று சொல்லலாம். அது எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே இத்தனை வருஷ சீனியரான நான், அங்கே போய்ப் புதிதாகச் சேர்ந்தவளாக நிற்க வேண்டும். முதியோர் இல்லத்தில்தான் முதல் வேலை கிடைக்கும் என்கிறார்கள். வயதானவர்களைக் குளிப்பாட்டுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என்னைக் கேட்காமல் என்னைத் தூக்கிக்கொண்டு போவதுதான் பொறுக்கவில்லை.

மறுநாளே தேர்வை நானே தள்ளி வைத்தேன். அவர் குதித்தார். "உனக்குக் கிறுக்கா? வயசு ஏறுனா விசாவுக்குப் போடுற பாயிண்ட் கொறையும்!" குறையட்டும் என்றேன். அதன்பின் சில வாரம் வீட்டில் உப்பு, சாவி, கரண்ட் பில் தவிர வேறு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்சியும் கலைந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கிப் போக மனம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் கிளினிக்கிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வரும்போது டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். முன்னால் நின்ற வண்டியைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "நீ என்ன நெனைக்க? போலாமா, வேண்டாமா?"

கேட்டுவிட்டு, பதிலை அவரே சொல்லாமல் காத்திருந்தார். கல்யாணமாகி அன்றுவரை அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. போலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை. போன ஞாயிறு மேல்மாடித் தம்பி மெதுவாக எட்டிப் பார்த்தார். நான் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"என்ன மதினி, முடிவாயிருச்சா?"

"ஓட்டு எண்ணிக்கிட்டிருக்கேன் தம்பி."

அவர் வழக்கம்போல என் கணவரைத் தேடி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். இவர் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.