மனைவியை வேலைக்குக் கூப்பிடக் கூடாது

போன சனிக்கிழமை ஓர்லிகோனில் நண்பர் சிவநேசன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி மாலினி "வாங்கோ அண்ணை" என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணீரை மேசையில் வைத்த சத்தத்திலேயே வீட்டு நிலவரம் விளங்கிவிட்டது.

சிவநேசன் ஒரு கிளீனிங் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தவர். விலகி, அடுத்த மாதம் சொந்தக் கம்பெனி தொடங்குகிறார். மாலினி இன்னும் அந்தப் பழைய கம்பெனியில்தான்.

"கண்ட நிண்ட ஆக்களை எல்லாம் வேலைக்குக் கேட்டிட்டார், அண்ணை. என்னை ஒரு வார்த்தை கேக்கேல்லை. நான் ஆகாதோ?"

சொல்லிவிட்டு, சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார். சிவநேசன் குனிந்து தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா?

"கேக்கக் கூடாதாம், அண்ணை" என்று கிசுகிசுத்தார். "லோயர் சொன்னவர்."

விஷயம் இதுதான். விலகிய பிறகு ஒரு வருடத்துக்கு அந்தப் பழைய கம்பெனி ஊழியர் எவரையும் தன் பக்கம் இழுக்க மாட்டேன் என்று முன்பே கையெழுத்துப் போட்டிருக்கிறார். மீறினால் தண்டப்பணம்... புதுக் கம்பெனியைத் திறக்கும் முன்பே மூட வேண்டியதுதான்.

கன்டோன் என்கிற மாகாணத்துக்கு மாகாணம் பள்ளி விடுமுறை மாறுகிற நாடு இது. வேலை ஒப்பந்தச் சட்டம் மட்டும் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் இப்படியொரு நிபந்தனை எதுவரை செல்லும் என்பதில் சட்டத்தரணிகளே ஒத்துப்போவதில்லை. கோர்ட்டுக்குப் போனால் தெரியும் — யார் போவது? அதனால் லோயர் சொன்னது: நீங்களாகக் கூப்பிடாதீர்கள். அவர்களாக வந்து கேட்டால் கதை வேறு.

"இதை அவவிட்டைச் சொல்லலாமே?"

"சொன்னாலே கூப்பிட்ட மாதிரித்தானே!"

பயம் வந்துவிட்டால் மனிதன் எப்படியெல்லாம் யோசிக்கிறான்! ஆனால் குசினி என்ன, தலைநகர் பேர்ணிலா இருக்கிறது? மாலினி வாசலில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"அப்ப, நான் கட்டாயம் வருவன் எண்டு நினைச்சுத்தான் எல்லாம் தொடங்கினனீங்கள், என்ன?"

"பின்னை... நீர் வருவீர்தானே?"

எந்தக் கணவனும் சொல்லக் கூடாத பதில்! மாலினி கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

"நானா வந்து கேட்டால் குற்றமில்லைத்தானே? இந்தா, கேக்கிறன். சம்பளம் எவ்வளவு?"

மனைவிக்கும் சம்பளம் என்ற கணக்கைச் சிவநேசன் போட்டிருக்கவே இல்லை.

கூப்பிடக் கூடாது என்றுதான் ஒப்பந்தம். சம்பளம் கொடுக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லையே, சிவநேசன்?