அக்காவின் பிரிண்டரும் மாமாவின் அன்பளிப்பும்

என் அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதுக்கும் சேர்த்து வாய் உண்டு. வீட்டு முன்னறையில் பிரெயில் புத்தகம் அச்சடிக்கிறாள். விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து. அவளுடைய பிரிண்டர் கெட்டித் தாளில் புள்ளி குத்தும்போது ஜன்னலெல்லாம் ஆடும். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை.

மாமா தங்கமான மனுஷன். கல்யாண நாளுக்கு ஆசை ஆசையாய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். கடையிலேயே பெரிய திரை! பேசுகிற கம்ப்யூட்டர் போதும் அக்காவுக்கு, திரை எதுக்கு? பழைய கம்ப்யூட்டரைக் கையோடு பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டார்.

"படம் எப்படித் தெரியுது?" என்றாள் அக்கா.

"பளிச்சுனு இருக்கும்மா."

"அப்ப உக்காந்து நீங்களே பாருங்க."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் சிரிப்பு அடங்கியது. பிரிண்டரைப் புதுக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. அக்கா கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"அந்த மாடலைப் புதுக் கம்ப்யூட்டரோட சேர்த்துவைக்கிற டிரைவர் சாஃப்ட்வேர் தர்றதை நிறுத்திட்டோம் மேடம். புது பிரிண்டர் வாங்கிக்கோங்க."

"இதுக்கு என்ன நோய்?"

"நோய் ஒண்ணும் இல்ல மேடம்."

எனக்கு வயிறு எரிந்தது. குத்துக்கல்லாட்டம் இருக்கிற மிஷினைச் செத்துப்போச்சுன்னு சொல்ல இவங்க யாரு?

அக்காவின் கவலை வேறு. எதிர்வீட்டுச் சின்னப் பொண்ணுக்கும் பார்வை இல்லை. பள்ளிக்கூட நாடகத்தில் அவள்தான் ராஜா; அவள் வசனத்தை அக்காதான் பிரெயிலில் அச்சடித்துத் தர வேண்டும். திங்கட்கிழமைக்குள் வசனம் மனப்பாடம் ஆகாவிட்டால் வேடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நான் படிச்சுக் காட்டறேன்டி என்று அந்தப் பொண்ணிடம் சொன்னேன்.

"மத்தவங்க எல்லாம் கையில வச்சுப் படிக்கிறாங்க. எனக்கு மட்டும் காதுல ஊத்தணுமா?" என்றாள் ராஜா.

மாமாவுக்குப் பேயறைந்த முகம். பழைய கம்ப்யூட்டரைத் தேடி அக்கா, மாமா, நான் மூவரும் இரும்புக் கடைக்கு ஓடினோம். அங்கே கறுப்புப் பெட்டிகள் ஒரு குவியல்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே!" என்று மாமா தலையில் கை வைத்தார். கடைக்காரர் ஒவ்வொன்றாய் ஓட்டிக் காட்ட, அக்கா குனிந்து காது கொடுத்தாள்.

"இது இல்ல... இதுவும் இல்ல. இருங்க, இருங்க! இதேதான். உள்ள இருக்கிற ஃபேன் இழுத்து இழுத்து மூச்சு விடுது பாருங்க."

மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். இணைத்ததும் பிரிண்டர் தடதடவென்று குத்த ஆரம்பித்தது. அப்பாடா!

பக்கங்களை வாங்கிய பொண்ணு எங்கள் முன்னறையிலேயே நின்று தடவினாள். உதடு முணுமுணுத்தது. திடீரென்று நிமிர்ந்து, மாமாவின் குரல் வந்த பக்கம் விரலை நீட்டினாள்.

"யாரங்கே! இந்தத் துரோகியைச் சிறையில் தள்ளுங்கள்!"

"தள்ளுங்க மன்னா, எனக்கு நல்லா வேணும்," என்று மாமா கும்பிட்டார். அக்கா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"குறுக்க பேசாதீங்க மாமா," என்று பக்கத்தைத் திருப்பினாள் அந்தப் பொண்ணு. "ராஜா இன்னும் பேசி முடிக்கல."