முதுகு வரைகிறவள்

நுஸ்ஹா தெருவில் யாரையும் முந்துவதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முன்னால் போகிற யாராவது ஒருவரைக் கண்ணால் பிடித்துக்கொள்வாள். அவருக்கும் தனக்கும் இடையில் ஆறடி விடுவாள். அவர் நின்றால் இவளும் நின்று செருப்புக் கடைக் கண்ணாடியைப் பார்ப்பாள். அவர் திரும்புகிற சாடை தெரிந்தால் தன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாள். ஆளை முன்பக்கமாகப் பார்ப்பதில்லை என்பது அவளுடைய சட்டம். அலுவலகம் வருவதற்குள் அவளுடைய ஃபோனில் இரண்டு வரி ஏறியிருக்கும்: 'கழுத்துல மடிப்பு ரெண்டு. மேல ஒண்டு பெருமைக்கு, கீழ ஒண்டு களைப்புக்கு.'

வயது இருபத்தேழு. மெலிந்த தேகம், சாம்பல் நிற ஸ்கார்ஃப், கேட்டால் மட்டும் பதில். பேராதனை வீதியில் மருந்துக் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கும் சிறிய கம்பெனியில் வேலை. வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு அங்கே பாத்திரங்கள் வடிவமைக்கிறார்கள். விளையாடுகிறவன் வீரனாகவோ திருடனாகவோ வேடம் ஏற்று, நாலு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, காடும் கோட்டையுமாக அறுபது எழுபது மணித்தியாலம் அலைகிற விளையாட்டு. அத்தனை நேரமும் அவன் பார்த்துக்கொண்டிருப்பது அந்த வீரனின் முதுகைத்தான். கேமரா எப்போதும் ஆறடி பின்னால் வருகிறது. அந்த முதுகுகள் நுஸ்ஹாவினுடையவை.

முகம் அவள் வைப்பதில்லை. சிறு வயதில் கொப்பி முழுக்கப் படம் போட்டுக்கொண்டிருந்தவளை வாப்பா ஹாஷிம் ஏசவில்லை. "கீறுங்க மகள். மொகத்த மட்டும் வெச்சிராதீங்க. உயிர் குடுக்க எங்களுக்கு ஏலாதுதானே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அன்று பின்னேரமே அவளுடைய கொப்பியில் எல்லாரும் திரும்பி நின்றுகொண்டார்கள். வேலைக்கு நேர்முகம் போனபோது கொண்டுபோன நாற்பது படங்களும் முதுகுகள். அங்கே மேற்பார்வை செய்கிற துஷாந்த், நாவலப்பிட்டிக்காரர், படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒருத்தராவது திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்று கேட்டார். "கூப்பிட்டா திரும்புவாங்க. நான் கூப்பிடுறல்ல" என்றாளாம். வேலை கிடைத்துவிட்டது.

முகங்களை வைப்பது அடுத்த மேசை சஞ்சீவனி. நுஸ்ஹா அனுப்பும் உருவத்தை அவள் திரையில் மெல்லத் திருப்ப வேண்டும். முன்பக்கத்தில் கண்ணும் மூக்கும் இல்லாமல் ஒரு வெறுமை சுற்றி வந்து அவளைப் பார்க்கும். மூன்று வருடமாகியும் பழகவில்லை. "அக்கா, ஒவ்வொரு தடவையும் பக்குன்னு இருக்கு. என்னமோ அதுக்கு முன்னாடியே என்னைத் தெரியும்ங்கிற மாதிரி" என்பாள். நுஸ்ஹா சிரிக்காமல் தலையாட்டுவாள்.

மனசுக்குள் இருப்பதை உடுப்பில் வைப்பதில் அவளுக்கு நிகர் அந்தக் கம்பெனியில் இல்லை. கோழையான தளபதிக்கு மேலங்கியை ஒரு சாண் நீளமாக்கினாள். ஓடத் திரும்பினால் அவனுடைய குதிகாலே அதை மிதிக்கும். ஊருக்கெல்லாம் மருந்து போடுகிறவளின் முதுகில், அவளுடைய கை எட்டாத இடத்தில், பழுப்பேறிய ஒரு கட்டு. கொடிய திருடனுக்குப் பின்னங்கழுத்தில் முடியை நேர்கோடாக வெட்டியிருந்தாள். ஏன் என்று துஷாந்த் கேட்டதற்கு, வீட்டில் யாரோ இன்னும் அவனுக்கு முடி வெட்டிவிடுகிறார்கள் என்றாள். அந்தத் திருடனைக் கொல்ல மனம் வரவில்லை என்று விளையாடியவர்கள் எழுதினார்கள். எதனால் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. "மொகம் மழுப்பும். முதுகுக்கு அது வராது" என்பது நுஸ்ஹாவின் கட்சி.

இந்தப் பழக்கத்தால் அவள் குடியிருக்கும் மஹய்யாவயில் அவளுக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. பக்கத்து வீட்டு நளீர் எதிரே வந்து ஸலாம் சொன்னபோது யாரோ என்று விழித்திருக்கிறாள். "பெரிய எடத்துல வேல, எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியா" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனபிறகுதான், அட, நளீர் நானா என்று பிடிபட்டது. ஆனால் கல்யாண வீட்டில் முப்பது கறுப்பு அபாயாக்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால், நேரே போய் உம்மாவின் தோளில் கை வைப்பாள். அதில் அவள் பிழைவிட்டதே இல்லை.

சென்ற மாதம் ஒரு புதிய பாத்திரம் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் கூட்டத்தை விட்டுப் போய்விடுகிற ஒரு பெண். துஷாந்த் விளக்கினார்: "இவ நிக்க மாட்டான்னு பாக்கிறவனுக்கு மொதல்லயே தெரியணும்ங்க. ஆனா யாரும் சொல்லிடக் கூடாது. அழுமூஞ்சியாவும் வேணாம்." நுஸ்ஹா இரண்டு கிழமை பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் நின்றாள். ஊருக்குப் போகிறவர்களின் முதுகில் அவசரம் இருந்தது, பசி இருந்தது. தேடியது இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி போல, மார்க்கெட் வாசலில் அது கிடைத்தது. கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண். தூறிக்கொண்டிருந்தும் கையிலிருந்த குடையை விரிக்கவில்லை. ஷொப்பிங் பேக் இடது கையில். தாழ்ந்திருந்ததோ வலது தோள். பிள்ளை தூங்குகிற அறைக்குள் நடப்பதுபோல் ஒவ்வோர் அடியையும் தரைக்குத் தெரியாமல் வைத்தாள். நுஸ்ஹா ரயில் நிலையப் பக்கமாக ஆறடி பின்னால் போனாள். சனம் அந்தப் பெண்ணை இடித்துக்கொண்டு போயிற்று. அவள் யாரையும் பார்க்கவில்லை. அவளையும் யாரும் பார்க்கவில்லை. வீதியைக் கடக்குமிடத்தில் நின்றாள். தலை சற்று அசைந்தது, பின்னால் யாரென்று பார்க்கப்போகிறவளைப்போல. நுஸ்ஹா சட்டப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது அந்த இடத்தில் ஈரமான கல் மட்டும் இருந்தது.

அபாயாவை நீண்ட பயண அங்கியாக மாற்றினாள். குடையை ஊன்றுகோலாக்கினாள். தோளையும் நடையையும் தொடவில்லை. படத்தை அனுப்பினாள். அரைநாள் கழித்துத் துஷாந்த் மேசைக்கே வந்து நின்றார். "யாருங்க இது? பாத்துட்டு அம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டேன். சும்மாதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பின், வீட்டு அறையில், நுஸ்ஹா அந்த உருவத்தை நடக்கவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அது நின்ற இடத்திலேயே நடந்தது. உம்மா றலியா பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார். வழக்கமாக வைத்ததும் போய்விடுவார், திரையைப் பார்ப்பதில்லை. அன்று போகவில்லை.

"இது நான்தானே, மகள்."

நுஸ்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது. அங்கி போட்ட இந்த வெள்ளைக்காரி எப்படி உம்மாவாக முடியும் என்றாள். தன் முதுகைத் தானே கண்டவர் யார் என்றும் கேட்டாள்.

"காணத் தேவல்ல. எங்க நோகுதுண்டு எனக்குத் தெரியுந்தானே" என்றார் உம்மா. பிறகு குரல் தணிந்தது. "எப்ப என்னக் கண்ட? செவ்வாக்கெழமயா?"

செவ்வாய்க்கிழமை உம்மா கட்டுகஸ்தோட்டையில், கைரியா மாமி வீட்டில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். முப்பது பேருக்குள் பிழைவிடாத நுஸ்ஹா, அரை நகரம் அவர் பின்னால் நடந்திருக்கிறாள். இனி நிற்கமாட்டாதவள் என்று அடையாளம் கண்டிருக்கிறாள். உம்மா என்று மட்டும் காணவில்லை. அவளுடைய விரல் திரையில் கீறும் பேனாவின் மேல் அப்படியே இருந்தது. திரையில் அந்தப் பெண் நடந்துகொண்டேயிருந்தாள்.

உம்மா போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, சுருக்கமாகச் சொன்னார். வலது கக்கத்தடியில் மூன்று மாதமாக ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று, ஊசி போட்டுச் சதையெடுத்துச் சோதித்தும் ஆயிற்று. வெட்டியெடுக்க வேண்டும், பிந்தினால் பரவும் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை டொக்டர் சொல்லிவிட்டார். வருகிற வியாழக்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "நான் போறல்ல. வாப்பா தாங்க மாட்டார். நீங்களும் வாய தொறக்கப்படாது."

நுஸ்ஹா எதையோ சொல்ல வாயெடுத்தாள். உம்மா அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி, இந்தப் பெண் கடைசியில் எங்கே போகிறாள் என்று விசாரித்தார். தெரியாது என்றாள் நுஸ்ஹா. திரும்பி வருவாளா? அதை எழுதுவது வேறு ஆட்கள்.

"அந்தத் தோள கொஞ்சம் நிமித்தி வைக்க ஏலாதா மகள்? பாக்க ஒரு மாதிரி ஈக்கிது."

"நிமித்துறன் உம்மா. நீங்க வியாழக்கெழம போகணும். வாப்பாக்கு இண்டைக்கே சொல்லணும்."

 உம்மா மூலையிலிருந்த கதிரையை இழுத்துப்போட்டு, நுஸ்ஹாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "மொதல்ல கீறுங்க. சரியா வந்தா பாப்பம்."

வலது தோள் உயர்ந்தது. இடதுக்கு நேராக வந்து நின்றது. நுஸ்ஹா பேனாவைத் திரையில் வைத்து ஒரு கோட்டை மாற்றினாள். நிமிர்ந்து பார்த்தபோது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. இன்னொரு கோடு. மறுபடி பார்த்தாள். மேலும் இறங்கியிருந்தது, யாரோ கீழேயிருந்து மெதுவாக இழுப்பதுபோல. உம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது கக்கத்துக்குள் கொடுத்து, தோளைத் தூக்கிப் பிடித்தார். கக்கத்தடியில் நாலு விரல் நுனிகள் பின்பக்கமாக வெளியே தெரிந்தன. 

"இப்ப நேரா ஈக்கிதா?" என்று திரும்பாமலே கேட்டார்.

நுஸ்ஹா பேனாவை வைத்தாள். எழுந்துபோய் அறைக் கதவை, கூடத்துக் கதிரையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த வாப்பாவுக்கு உம்மாவின் முதுகு தெரிகிற அளவுக்கு, அகலத் திறந்துவிட்டாள்.