கன்னியம்மாளுக்குக் குரல் கொடுத்தது யார்

"எனக்கு யாரு பாப்பா கொரலு குடுத்தாங்க?"

செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸின் சமையலறையில் இஞ்சி தட்டிக்கொண்டே கன்னியம்மாள் கேட்டாள். வாசலில் நின்று டீக்குக் காத்திருந்த ஓவியாவுக்கு முதலில் புரியவில்லை.

"எந்தக் கொரலுக்கா?"

"படத்துல நான் வர்ற எடத்துல எனக்குப் பேசுற கொரலுதான். கீச்சுக் கொரலா போட்டுடப் போறாங்க. என் ஒடம்புக்குக் கொஞ்சம் கனமா இருந்தாதான் எடுப்பா இருக்கும்."

ஓவியா சிரித்தாள். "நீங்களேதான்க்கா பேசியிருக்கீங்க."

"அன்னிக்குப் பேசுனது சரி. பின்னால டப்பிங்ல யாரு பேசுனாங்க?"

"டப்பிங்கே கெடையாதுக்கா. இதுல எல்லாம் லைவ் சவுண்டு. உங்க பொடவைல பித்தான் மாதிரி ஒரு மைக் குத்துனோமே, அதுல பதிஞ்சதுதான் படத்துல வருது."

இஞ்சி தட்டுகிற சத்தம் நின்றது.

"நான் பேசுனது எல்லாமா?"

"எல்லாம்தான். டைரக்டர் அண்ணன் ஒரு வரிகூட வெட்டல. படத்துலயே பெரிய சிரிப்பு அதுதானாம்."

"அந்தாளு கதை?"

"ஆமாக்கா."

"லாரி?"

"லாரியும்தான்."

"படையலு?"

இப்போது ஓவியாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. கன்னியம்மாள் அடுப்பை அணைத்தாள். கேஸ் சிலிண்டரின் பக்கத்தில், தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழமை மண்டபத்துல படம் போடுறாங்கன்னு எம்பொண்ணு மதிகிட்ட சொல்லிட்டேனே பாப்பா. சம்பந்தி வூட்டையும் கூட்டிக்கினு வாங்கன்னு நானே என் வாயால சொல்லிட்டு வந்திருக்கேனே."

அன்று வியாழக்கிழமை.

கன்னியம்மாளை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை நடந்ததை வைத்து அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள், அவ்வளவுதான். பல வருஷங்களுக்கு முன் அவள் லாட்ஜில் துணி துவைத்துக்கொண்டிருந்த காலத்தில், தேரடி வீதியில் ஏதோ பெரிய படத்துக்குக் கூட்டம் தேவைப்பட்டது. அவளும் போய் நின்றாள். "வாய மட்டும் அசைங்க, என்ன வேணா பேசுங்க, சத்தம் பின்னால போட்டுக்குவோம்" என்று ஒருவன் மைக்கில் கத்தினான். என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்றால் விடுவாளா? சம்பளத்தில் பிடித்துக்கொண்ட லாட்ஜ்காரனை, கேமராவைப் பார்த்தபடியே, வாய் வலிக்க வலிக்கத் திட்டித் தீர்த்தாள். தியேட்டரில் பார்த்தால் அவள் வாயிலிருந்து "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கேமராவுக்கு முன்னால் மனசில் இருப்பதைக் கொட்டிவிடலாம், அது யார் காதிலும் விழாது என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டாள். உலகத்தில் அப்படி ஓர் இடம் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

டைரக்டர் இளஞ்செழியனின் படம் பெரிய படம் இல்லை. காதலித்த பெண் விட்டுவிட்டுப் போன வேதனையில் இருக்கிற ஒருவன், சாமியாராகிவிடலாம் என்று திருவண்ணாமலைக்கு வருகிறான். சாமியாராக முடியாமல் படுகிற பாடுதான் கதை. இளஞ்செழியனுக்கே நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. ஒரு கேமரா, ஒரு வேன், ஏழெட்டுப் பேர். தங்கியதும் எடுத்ததும் இந்த கெஸ்ட் ஹவுஸில்தான். டவுனில் பிறந்த ஓவியா பத்தாவது வரை தமிழில் படித்தவள், அதற்குமேல் ஆங்கிலத்தில். படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுத வந்தாள். வந்த நாளிலிருந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கிடுவாள்.

கன்னியம்மாள் வருகிற காட்சியில் கதாநாயகன் சமையலறைக்கு வந்து, "அக்கா, உங்கள யாராச்சும் வுட்டுட்டுப் போயிருக்காங்களா?" என்று கேட்கிறான். என்ன தோன்றுகிறதோ சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"போயிருக்கானே, என் புருஷன். புதன்கெழமை போனான். வெள்ளிக்கெழமை நான் அவனக் கொன்னுட்டேன். பயப்படாதப்பா, கத்தி எடுத்தா கொன்னேன்? கைக்கொழந்தையோட கீழ்பென்னாத்தூர்ல பஸ் ஏறி இங்க வர்றேன். பக்கத்துல ஒரு அம்மா, வூட்டுக்காரரு இன்னா பண்றாருன்னு கேக்குது. ஓடிட்டான்னு சொல்ல வாய் வரல. லாரில அடிபட்டு செத்துட்டாருன்னேன். அந்தம்மா அழுதுச்சு. கொழந்தைக்கு பன்னு வாங்கிக் குடுத்துச்சு. வேலைக்கும் அதான் ஒரு எடத்துல சொல்லி வுட்டுச்சு. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா குடுப்பாங்களா? அப்பிடியே வெச்சிக்கினேன். போட்டோவப் பெருசு பண்ணி மாலை போட்டேன். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குப் படையலும் போடுறேன். அவனுக்கு வாழைக்காய்னா ஆவாது. அதுக்கோசரமே வருஷா வருஷம் வாழைக்காய் வறுவலு. அவன் ஓசூர்ல குத்துக்கல்லாட்டம் இருக்கான். இங்க காக்கா வந்து தின்னுட்டுப் போவுது!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. கேமராக்காரரும் சிரித்ததில் படம் லேசாக ஆடுவது இன்றும் தெரியும். ஹெட்போனில் கேட்ட ஓவியாவும் சிரித்தாள். எல்லாம் அக்காவின் கற்பனை என்றுதான் நினைத்தாள்.

கற்பனை இல்லை. மகள் அறிவுமதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆடி அமாவாசைக்கு அந்தப் போட்டோவுக்கு மாலை வாங்கி வருபவள் அவள்தான். நிச்சயதார்த்தத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு முதலில் போய் நின்றதும் அந்தப் போட்டோவின் முன்னால்தான். "அப்பா இருந்திருந்தா" என்று தொடங்கி முடிக்க முடியாமல் அழுதாள். கன்னியம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?" சிலிண்டர் பக்கத்திலிருந்து கேட்டாள். "உசுரோட இருக்கறவனுக்குப் பொட்ட அழிச்சவன்னு சம்பந்தியம்மா காறித் துப்பும். அதுகூடப் போவுது. மதி என்னை எப்பிடிப் பார்ப்பா?"

அவள் பயந்து ஓவியா அதற்குமுன் பார்த்ததில்லை. கொதிக்கிற பாலை வெறுங்கையால் இறக்குகிறவள் அவள். மேசைமேல் போன் அடித்தது. மகளின் பெயர். கன்னியம்மாள் பல்லியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

மாடிக்குப் போய்ப் பேசியாக வேண்டியது ஓவியாதான். இளஞ்செழியன் லேப்டாப்பை விட்டுத் தலையை எடுக்காமலே முழுவதையும் கேட்டான்.

"அந்தக் காட்சிய எடுத்துட்டா படம் எங்கம்மா இருக்கு?" என்றான். "சாமி கும்பிடப் போற எடத்துல சாமியையே தூக்கச் சொல்றே."

"அக்காவுக்குத் தெரியாதுண்ணா. யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சுதான் பேசியிருக்காங்க."

"மண்டபத்துல நூறு பேரு வருவாங்களா? அப்புறம் நெட்ல போடப் போறோம். இவங்க மகள் ஒருத்திக்காக..."

ஓவியா லேப்டாப்பின் பக்கத்தில் போய் நின்றாள். "உங்க கதையில அந்தப் பொண்ணு பேர மாத்தினீங்க. அவங்க ஊர மாத்தினீங்க. வேலையக்கூட மாத்தினீங்க, அடையாளம் தெரிஞ்சிடக் கூடாதுன்னு. அக்காவுக்கு எதண்ணா மாத்தினீங்க?"

இளஞ்செழியன் லேப்டாப்பை மூடினான். எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தான். அதற்குள் தன் வேலை போய்விட்டது என்று ஓவியா முடிவுகட்டிவிட்டாள்.

"புருஷனுக்குப் பதிலா வேற எது ஓடிப்போகும்?" என்றான் கடைசியில்.

கீழே போய்க் கேட்டதற்குக் கன்னியம்மாள் யோசிக்கவே இல்லை. "கெடா" என்றாள்.

மறுநாள் ஓர் அறையின் சன்னல்களில் மெத்தைகளைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, டப்பிங் நடந்தது. திரையில் கன்னியம்மாள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மைக்கின் முன்னால் நின்றவளோ காய்ச்சல்காரி மாதிரிப் பேசினாள். "புதன்கெழமை... கெடா போச்சு" என்பதற்குள் மூச்சு வாங்கியது. எத்தனை தடவை எடுத்தும் உதடு ஒரு பக்கம் போக, குரல் ஒரு பக்கம் போனது.

"அக்கா, கெடாவ மறந்துடுங்க. நீங்க சொன்ன அந்த லாட்ஜ்காரன நெனச்சுக்குங்க" என்றான் இளஞ்செழியன்.

அப்புறம் குரல் வந்தது. ஊர் மேய்ந்த கிடாவை அவள் திட்டிய திட்டில் பாதியை வெட்ட வேண்டியதாயிற்று. கிடா புதன்கிழமை ஓடிப்போனது, வெள்ளிக்கிழமை லாரியில் அடிபட்டது. படையல் வரிகளை மட்டும் எடுத்துவிட்டார்கள். கிடாவுக்கு யார் அமாவாசை கும்பிடுகிறார்கள்? சிரிப்பைத் தொடவில்லை, அது பழைய சிரிப்பேதான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மூன்றாவது வரிசையில் கன்னியம்மாள், பக்கத்தில் மதி, அதற்கடுத்து மாப்பிள்ளையும் அவன் அம்மா ராஜம்மாளும். படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஓவியா நிம்மதியாகத்தான் இருந்தாள். திரையின் அடியில் தான் எழுதிய ஆங்கில வரிகள் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று உறைத்தது.

குரலை மாற்றியிருந்தார்கள். எழுத்தை மாற்றவில்லை. இரண்டு நாளும் டப்பிங் டப்பிங் என்று அலைந்ததில் அவளுக்குத் தன் வேலை மறந்துபோயிருந்தது.

லேப்டாப் மண்டபத்தின் பின்பக்கம், எடிட்டர் சகாதேவனிடம் இருந்தது. இருட்டில் முழங்கால்களை இடித்துக்கொண்டு ஓடினாள். "யாரும்மா அது, மறைக்காத" என்று ஒரு குரல். திரையில் தோசைக்கல் வந்துவிட்டது. கதாநாயகன் கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"சப்டைட்டில நிறுத்துங்க, நிறுத்துங்கண்ணா!"

"இன்னாம்மா ஆச்சு?"

கிடா புதன்கிழமை போனதாகக் கன்னியம்மாளின் குரல் சொன்னது. அடியில் ஆங்கிலத்தில் கணவன் போனான். கிடா லாரியில் அடிபட்டதாகக் குரல் சொன்னது. அடியில், வெள்ளிக்கிழமை நான் அவனைக் கொன்றுவிட்டேன் என்று வந்தது. ஓவியா தானே கைநீட்டி விசையைத் தட்டினாள். எழுத்து மறைந்தது.

மண்டபமே சிரித்தது. ராஜம்மாள் மாப்பிள்ளையின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். "நம்ம வூட்டுக் கெடாவும் இப்பிடித்தான்டா!" மாப்பிள்ளை அம்மாவின் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான், திரையைப் பார்க்கவில்லை. மதி மட்டும் சிரிக்கவில்லை. எழுத்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே செருப்புத் தேடுகிற நெரிசலில், ஓவியாவுக்குக் கேட்கும் தூரத்தில், மதி கேட்டாள்:

"நம்மகிட்ட எப்பம்மா கெடா இருந்துச்சு?"

"நீ கைக்கொழந்தமா."

"ம்."

அவ்வளவுதான். அன்று வேறெதுவும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. கல்யாண வேலைகள் நடந்தன, பத்திரிகை அடித்தார்கள். கன்னியம்மாள்தான் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நுழையும்போது, இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று பயந்து பயந்து நுழைந்தாள். ராத்திரி மகள் புரண்டு படுத்தால்கூட இவள் விழித்துக்கொள்வாள்.

ஆடி அமாவாசை வந்தது. மறுநாள் காலை, நெட்டில் போடுகிற வேலைக்காக இன்னும் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஓவியாவைக் கன்னியம்மாள் அதே சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மதி மாலை வாங்கியாரல பாப்பா. கடைல தீந்துபோச்சாம். அமாவாசையன்னிக்கு இந்த ஊர்ல பூ தீருமா?"

"வாழைக்காய அவதான் நறுக்குனா. போட்டோவப் பாக்கல. என்னத்தான் பாத்தா. ஒண்ணும் கேக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பழைய கொரலு இருக்கா? அழிச்சிட்டாங்களா?"

"என்கிட்ட இருக்குக்கா."

"அழிச்சிடாத. அவ என்கிட்ட வந்து கேக்க மாட்டா, எனக்குத் தெரியும். அந்த இங்கிலீசு எழுதுனது நீன்னு தெரிஞ்சிக்கினு உன்கிட்டதான் வருவா. வந்தா நீ ஒண்ணும் சொல்லாத, போட்டு வுட்டுடு. நான் சொல்லப் போனா அழுதுடுவேன், அவ பயந்துடுவா. அதுல நான் சிரிச்சிக்கினு சொல்லியிருக்கேன் இல்ல? அந்தச் சிரிப்ப மட்டும் வெட்டாத பாப்பா. மொதல்ல அத கேக்கட்டும்."